இருநூறு ஆம்பியர் விஸால்

விஸால் யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசமாட்டாள். கண்ணாடியில்தான் பார்ப்பாள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பின்னால் சீப்போடு நின்று, எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, "முன்னாடி கொஞ்சம் எடுக்கவா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. ஆனால் அந்தக் கண்ணாடியில் வாடிக்கைக்காரியின் முகம் மட்டுமா தெரியும்? திறந்த கதவு தெரியும். கதவுக்கு வெளியே சந்து தெரியும். சந்து முனையில் அபூ வஹீபின் ஜெனரேட்டர் கொட்டகையும் தெரியும். யார் யாரிடம் நின்று பேசுகிறார்கள், யாரைக் கண்டால் யார் ஒதுங்கிப் போகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அந்தக் கண்ணாடி வழியாகவே தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அத்தையின் கடைக்குத் தரையில் விழும் முடியைப் பெருக்க வந்தவள் அவள். பெருக்கினாள், தலை கழுவினாள், பிறகு வெட்டினாள். அத்தை போன பிறகு கடை அவளுடையதாயிற்று. திரிப்போலியின் துறைமுகப் பக்கம், அல்-மீனாவில், கடலிலிருந்து இரண்டு சந்து உள்ளே. நகம் வெட்டிச் சாயம் பூசுவது தங்கை ருதைனா. கடைக்கு வேண்டிய பேச்சு மொத்தமும் அவள் பொறுப்பு.

லெபனானில் அரசாங்க மின்சாரம் விடியற்காலையில் வந்து, ஊர் எழுந்து முகம் கழுவுவதற்குள் போய்விடும். மீதிப் பொழுதுக்கு ஒவ்வொரு தெருவிலும் ஒரு ஜெனரேட்டர்காரர் இருப்பார். அவரிடம் ஆம்பியர் வாங்க வேண்டும். ஐந்து வாங்கினால் வீட்டுக்கு ஒரு கம்பி வரும். ஐந்துக்கு மேல் இழுத்தால் கொட்டகையில் இருக்கும் சுவிட்சு தானாக விழுந்துவிடும். அங்கே ஆட்களையே ஆம்பியரால்தான் அளப்பார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட, "பையன் வீட்டுல எத்தனை?" என்று கேட்பார்கள். "பத்து" என்றால் பெண்ணின் தாய்க்கு முகம் மலர்ந்துவிடும்.

விஸால் ஐந்துதான் வாங்கியிருந்தாள். முடி காயவைக்கும் டிரையரைப் பாதி வேகத்தில் வைத்து, அந்நேரம் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு தலையை முக்கால் மணி நேரம் காயவைப்பாள். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நோன்பு மாதம் பிறந்த வாரத்தில் ஒரு நாள் அபூ வஹீப் கடை வாசலில் வந்து நின்றார். கொட்டகையில் வேலைக்கு ஆள் வைத்திருந்தாலும் அவருடைய பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு கட்டிங் பிளேயர் செருகியிருக்கும். அது எதற்கென்று சந்துக்குத் தெரியும்.

"விஸால், அடுத்த மாசத்துலருந்து கடைங்களுக்கு எல்லாம் பத்து. அஞ்சு கிடையாது."

விஸால் ஒரு கிழவியின் தலைக்கு மருதாணி அப்பிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எனக்கு அஞ்சு போதும், அபூ வஹீப்."

"உனக்குப் போதும். எனக்குப் போதாதே."

"மீட்டர் வெச்சுடுங்களேன். எவ்வளவு எடுக்குறேனோ அவ்வளவுக்குக் குடுத்துடுறேன்."

அந்த வார்த்தையைச் சந்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. மீட்டர் வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அபூ வஹீப் அந்த உத்தரவைத் தன் கொட்டகைக்கு வந்த விளம்பரத் தாள் மாதிரி ஓரமாக வைத்துவிட்டார்.

"மீட்டரா?" அவர் சிரித்தார். எதிரே இருந்த மளிகைக்காரர் நதீமைப் பார்த்து, "கேட்டியா, இவளுக்கு மீட்டர் வேணுமாம்" என்றார். நதீம் வெங்காயத்தைத் தரம் பிரிப்பதில் மும்முரமானார்.

"பத்து. இல்லேன்னா ஒண்ணுமில்ல. எது வேணும், நீயே சொல்லு பொண்ணே."

விஸால் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்ப ஒண்ணுமில்ல."

"என்ன?"

அவள் திரும்பினாள். இரண்டு கையிலும் மருதாணி. "ஒண்ணும் வேண்டாம். லைனை எடுத்துக்குங்க."

ருதைனாவின் கையிலிருந்த நகப்பூச்சுப் புட்டி கீழே விழுந்து உருண்டது. நாற்காலியில் இருந்த கிழவி, "யாரு பேசுனது? விஸாலா?" என்று கேட்டாள்.

அபூ வஹீப் ஆளைக் கூப்பிடவில்லை. தானே நாற்காலி போட்டு ஏறி, கடைக்கு மேலே வரும் கம்பியைத் தன் கையாலேயே வெட்டினார். வெட்டிய கம்பியை வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"பெருநாளுக்கு முந்தின நாள் இவளே என் கொட்டகைக்கு வருவா. அன்னிக்குப் பத்துகூடக் கிடையாது. பதினஞ்சு!"

அவர் அந்த நாளைச் சும்மா சொல்லவில்லை. வருஷம் முழுக்க முடி வெட்டினாலும் கடையைத் தூக்கி நிறுத்துவது பெருநாளுக்கு முந்தின நாள்தான். அன்று சந்தின் பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள். முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று கிடையாது. விருந்துக்குப் போகிறவர்களும் உண்டு, விருந்து வைக்கிறவர்களும் உண்டு. அன்று கடை இருட்டாக இருந்தால் பெரிய ரோட்டில் புதிதாக வந்திருக்கும் குளிரூட்டிய கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு தடவை போன தலை திரும்பி வராது. அதன்பின் விஸாலுக்கு இரண்டே வழி: கடையைப் பூட்டுவது, இல்லையென்றால் கொட்டகை வாசலில் போய் நிற்பது.

"அக்கா, உனக்குப் பைத்தியம்" என்றாள் ருதைனா.

"இருக்கட்டும்" என்றாள் விஸால்.

தலையைக் கவிழ்த்துக் காயவைக்கும் பெரிய கூண்டு டிரையர் ஒன்று மூலையில் நின்றது. அதை விற்றாள். அந்தக் காசில், ஊர் மத்தியில் பேட்டரிக் கடை வைத்திருந்த ஹாகோப் என்ற அர்மேனிய இளைஞனிடம் போனாள்.

"நூறும் இருக்கு, இருநூறும் இருக்கு. எது வேணும்க்கா?"

"இருநூறு" என்றாள் விஸால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பேட்டரியும் இன்வெர்ட்டரும் காய்கறி வண்டியில் ஏறிச் சந்துக்குள் வந்தபோது ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் 200 என்று போட்டிருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள்.

"இருநூறு ஆம்பியரா!"

"அபூ வஹீப் குடுத்தது அஞ்சு. அப்படின்னா இந்தப் பெட்டிக்குள்ள நாப்பது அபூ வஹீப் உக்காந்திருக்கான்!" இதைச் சொன்னவள் ஜோர்ஜெத். மீன்பிடிப் படகுக்காரன் ஒருவனின் மனைவி. தடித்த சுருட்டை முடி, அதைவிடத் தடித்த நாக்கு. "விடு, நான்தான் மொதல்ல உக்காருவேன். எனக்கு நேராக்கு. நாலு வருஷமா உன் பாதி வேகத்துல உக்காந்து உக்காந்து என் இடுப்பு போச்சு."

தலை கழுவினாள். டிரையரைச் செருகினாள். "இருநூறு இருக்கும்போது பாதி வேகம் எதுக்கு?" என்று ருதைனாவே முழு வேகத்தில் திருகிவிட்டாள். டிரையர் சீறியது. நாலு வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்காத சத்தம். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஜோர்ஜெத்தின் தலையில் வலது பக்கம் பட்டு மாதிரி நேராக இறங்கிக்கொண்டே வந்தது.

உச்சி வகிட்டைத் தாண்டியிருக்கமாட்டாள், இன்வெர்ட்டர் வீறிட்டுக் கத்தியது. விளக்கு மங்கியது. டிரையர் முனகி நின்றது. மறுபடி போட்டால் கத்தியது. மறுபடி போட்டால் கத்தக்கூட இல்லை.

ஜோர்ஜெத் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். வலப்பக்கம் நேராகத் தொங்கியது. இடப்பக்கம் ஈரச் சுருட்டையாகப் பொங்கி நின்றது.

"நல்லாருக்கு" என்றாள். "பாதி கல்யாணத்துக்கு, பாதி கப்பலுக்கு."

மேல்துணியை உதறி எழுந்து சந்து வழியாக நிதானமாக நடந்தாள். அவள் மறைத்துக்கொண்டு ஓடுகிறவள் இல்லை. கொட்டகை வாசலில் அபூ வஹீப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஜோர்ஜெத், மீதித் தலைய எங்க விட்டுட்டு வந்தே?"

"நீ மீட்டர் வெச்சிருக்கிற எடத்துல" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போனாள்.

ஆனாலும் சிரிப்பு அபூ வஹீப் பக்கம்தான் இருந்தது. அன்று சாயந்திரத்துக்குள் விஸாலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ரொட்டி வாங்கப் போனால், "வழி விடுங்கப்பா, இருநூறு ஆம்பியர் வருது." பிள்ளைகள்கூட, "இருநூறு ஆம்பியர் விஸால்" என்று கூவிவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் அவள் ஹாகோப் கடையில் போய் நின்றாள்.

"பேட்டரி நல்ல பேட்டரிதான்கா. நீங்க என்ன மாட்டினீங்க?"

"டிரையர்."

"டிரையரா!" அவன் பக்கத்துக் கடைக்குத் தலையை நீட்டி, "டேய், டிரையர் மாட்டினாங்களாம்டா!" என்று கத்தினான். இரண்டு கடையும் சிரித்தன.

விஸாலுக்குக் காது சிவந்துவிட்டது. கால் வாசல் பக்கம் திரும்பப் பார்த்தது. அதை நிறுத்தி வைத்துக்கொண்டு, "சிரிச்சு முடி தம்பி" என்றாள். "நான் நிக்கிறேன்."

அவன் சிரித்து முடித்தான். கொஞ்சம் வெட்கப்பட்டவன் மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அக்கா, ஜெனரேட்டர்காரர் குடுக்கிற அஞ்சு இருக்கே, அது குழாயோட அகலம். அவர் நிறுத்துற வரைக்கும் வந்துட்டே இருக்கும். பேட்டரியில போட்டிருக்கிற இருநூறு அகலம் இல்ல, உள்ள இருக்கிற தண்ணி. எடுக்க எடுக்கத் தீரும். ஒரு ஆம்பியரா எடுத்தா இருநூறு மணி நேரம், ரெண்டா எடுத்தா நூறு மணி நேரம். அப்படி."

"அஞ்சா எடுத்தா நாப்பது மணி நேரம் வரணுமே. எனக்கு நாப்பது நிமிஷம்கூட வரலையே."

"அங்கதான் எல்லாரும் ஏமாந்துடுறாங்க. அவர் அஞ்சும் உங்க அஞ்சும் ஒரே சரக்கு இல்ல. அவரோடது இருநூத்தி இருபது வோல்ட்டு. பேட்டரி பன்னண்டு வோல்ட்டு. அவர் தொட்டி மொட்டைமாடியில இருக்குன்னு வெச்சுக்குங்க. உங்க தொட்டி தரையில. தரைத் தண்ணிய மாடிக்கு ஏத்திக் குடுக்கிறதுதான் இன்வெர்ட்டர். அவர் ஒரு ஆம்பியர் குடுக்கிற எடத்துல பேட்டரி கிட்டத்தட்ட இருபது குடுத்தாகணும்."

விஸால் மேசை மேல் கிடந்த திருகாணிகளைப் பார்த்தாள். இருபதுக்கு ஒன்று. இருநூற்றுக்குப் பத்து.

"அப்ப இது அவரோட கணக்குல பத்துதான்."

"பத்தும் எடுக்கக் கூடாது. பாதிக்குக் கீழே இறக்கினா பேட்டரி சீக்கிரம் செத்துடும். நீங்க நேத்து இறக்கினது போதும்."

"அப்ப அஞ்சு." அவள் மெதுவாகச் சொன்னாள். "அபூ வஹீபோட அஞ்சு. அதுவும் ஒரே ஒரு மணி நேரம்."

"இன்னும் குறையும். ஏத்திக் குடுக்கிற கூலியா இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும்."

கூண்டு டிரையரை விற்று அவள் வாங்கி வந்தது அவ்வளவுதான். நாற்பது அபூ வஹீப் இல்லை. ஒரே அபூ வஹீப், ஒரு மணி நேரத்துக்கு. ஆனாலும் அவள் கிளம்பவில்லை. கடையில் வரிசையாக இருந்த பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாவற்றிலும் பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு எண் இருந்தது.

"இந்த இருபது என்ன?"

"அதை யாரும் கேக்கமாட்டாங்க. அது இருபது மணி நேரம். இருபது மணி நேரத்துல மெல்ல எடுத்தாதான் இருநூறு. அதாவது பத்துப் பத்தா. அவசரப்பட்டுப் புடுங்கினா இருநூறு தராது, நூறுகூடத் தராது. டிரையர் என்ன புடுங்கு புடுங்கும், தெரியுமா? நூத்தி எழுபது, நூத்தி எண்பது. வோல்ட்டு அப்படியே படுத்துடும்."

"மெல்லக் கேட்டா குடுக்கும்."

"மெல்லக் கேட்டா குடுத்துட்டே இருக்கும்."

விஸால் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "பத்துப் பத்தா எடுத்தா என்னென்ன ஓடும்?"

"நூத்தி இருபது வாட்டு வரைக்கும் ஓட்டலாம். எதது எவ்வளவுன்னு அதது முதுகுல எழுதியிருப்பாங்க, பாருங்க." போகும்போது அவன் ஒரு சின்னப் பெட்டியை அவள் கையில் வைத்தான். தீப்பெட்டி அளவு, முகத்தில் எண் ஓடுவது. "பேட்டரியில மாட்டுங்க, வோல்ட்டு காட்டும். பன்னண்டே முக்கால் கிட்ட காட்டினா நிறைஞ்சிருக்கு. பன்னண்டு கிட்ட வந்தா நிறுத்திடுங்க. சிரிச்சதுக்குச் சும்மா வெச்சுக்குங்க."

வீட்டில் அதைப் பார்த்த ருதைனா, "அபூ வஹீப் தராத மீட்டர ஒருத்தன் சும்மா குடுத்திருக்கானே!" என்றாள்.

அன்று இரண்டு பேரும் கடையில் இருந்த எல்லாப் பொருளையும் கவிழ்த்துப் போட்டு முதுகைப் படித்தார்கள். டிரையரில் இரண்டாயிரம் என்றிருந்தது. காபிக் கெட்டிலிலும் அதேதான். முடியை நேராக்கும் ஸ்ட்ரெயிட்னரில் வெறும் நாற்பத்தைந்து. மேசை விசிறி நாற்பது. விளக்கு ஒன்பது. முடி வெட்டும் மெஷின் பத்து.

"ஸ்ட்ரெயிட்னரும் சூடுதானே? அது எப்படி இவ்வளவு கம்மியா திங்குது?" என்றாள் ருதைனா.

"அது ரெண்டு விரல் அகலத் தகட்டைத்தான் சுடவைக்குது. டிரையர் கடையில இருக்கிற காத்து மொத்தத்தையும் சுடவைக்குது."

சொல்லிவிட்டு விஸால் அப்படியே நின்றாள். டிரையர் செய்வது என்ன? சூடும் காற்றும். அல்-மீனாவில் அந்த இரண்டுக்கும் பஞ்சமா? மதியத்துக்கு மேல் கடல் காற்று துணிக்கொடியையே பிடுங்கிக்கொண்டு போகும். மொட்டைமாடி வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது.

ருதைனாவின் தலையைக் கழுவி, முடியை ரோலர் உருளைகளில் சுற்றி, அவளை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். காய்ந்ததும் கீழே கொண்டுவந்து பேட்டரியில் ஸ்ட்ரெயிட்னரைப் போட்டாள். இன்வெர்ட்டர் வாயே திறக்கவில்லை. தலை முடிந்தது. பளபளவென்று முடிந்தது.

அந்தச் சோதனையில் இன்னொன்றையும் கவனித்தாள். வேலை நடக்கும்போது சின்னப் பெட்டியின் எண் சரசரவென்று இறங்கியது. பயந்துபோய் எல்லாவற்றையும் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் எண் தானாக மேலே ஏறியது. மாடிப்படி ஏறி வந்தவளிடம் உடனே கேட்டால் மூச்சு வாங்குகிற மாதிரித்தான். உட்காரவைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

பிறகு நிரப்புகிற கணக்கு. விடியற்காலை அரசாங்க மின்சாரம் இரண்டு மணி நேரம்தான். அதில் பேட்டரி குடிப்பது கொஞ்சம்தான். அடி வரை இறங்கிப்போன பேட்டரிக்கு நிறைய விடியல் வேண்டும். ஆகவே விடியலில் நிரப்புவதோடு சரி, வேலைக்கு எடுக்காமல் மூடிவைத்தாள். நோன்பு மாதத்தில் எப்படியும் கூட்டம் கிடையாது. வந்த ஒன்றிரண்டு பேருக்கும் கத்திரிக்கோலும் வெயிலும் போதும். "பேட்டரிய ஏன் போடல?" என்று கேட்டவர்களுக்கு மாடிப்படியைக் காட்டினாள். அபூ வஹீப் சுருட்டிய கம்பியைக் கொட்டகை வாசலில் ஆணி அடித்து மாட்டியிருந்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

பெருநாளுக்கு முந்தின நாள் விடிந்தபோது பெட்டி பன்னிரண்டே முக்கால் காட்டியது. விஸால் ஒரு கரித்துண்டால் சுவரில் கணக்குப் போட்டாள். இரண்டு ஸ்ட்ரெயிட்னர், சூடேறி நின்ற பிறகு எண்பதுக்குள். விசிறி நாற்பது. விளக்கு இரண்டு. இன்வெர்ட்டர் கூலி. எல்லாம் சேர்ந்து பேட்டரியிலிருந்து பதினான்கு, பதினைந்து. எடுக்கலாம் என்பது நூறு. ஆறு மணி நேரம் வரும். அதற்கு மேல் வந்தால் லாபம். சாயந்திரம் நாலு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிவரை. அதற்கு முன்னால் வரும் தலையெல்லாம் வெயிலுக்கு.

முக்காடு போடும் பெண்களுக்கு மாடியில் நாலு பக்கமும் படுக்கை விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட்டாள். மற்றவர்களுக்குச் சந்திலேயே நாற்காலி. ஜோர்ஜெத்தின் கூட்டாளிகள் எட்டுப் பேர், தலை நிறைய இளஞ்சிவப்பு ரோலர்களோடு, ஜெனரேட்டர் கொட்டகைக்கு நேர் எதிரே வரிசையாக உட்கார்ந்து, நாளைக்குச் செய்யும் பேரீச்சைப் பிஸ்கோத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அபூ வஹீப் வெளியே வந்தார். "இது என்ன கூத்து? கடைய நடுத்தெருவுக்குக் கொண்டாந்துட்டாளா?"

"வெயில் காயுறோம்" என்றாள் ஒருத்தி.

"இதுக்கும் ஆம்பியர் போட்டு வசூல் பண்ணுவியா அபூ வஹீப்? எனக்கு அஞ்சு வெயில் போதும், பத்து வேண்டாம்" என்றாள் ஜோர்ஜெத்.

"சூரியனுக்கு மீட்டர் இருக்கா, கேட்டுச் சொல்லு!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மாடியில் விரிப்புகளுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு கேட்டது. அவர் அண்ணாந்து பார்த்தார். பார்க்கக் கூடாத பக்கம் என்று நினைவு வந்து சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். மாடியில் சிரித்தவர்களில் ஒரு குரல் அவர் மனைவியுடையது என்று சந்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

நாலு மணிக்கு விஸால் இன்வெர்ட்டரைப் போட்டாள். காய்ந்த தலைகள் ஒவ்வொன்றாக நாற்காலிக்கு வந்தன. ருதைனா பிளக்குக்குக் காவல் நின்றாள். போன் சார்ஜரோடு வந்த ஒரு பெண்ணை, "கிட்ட வந்தா கைய ஒடிச்சிடுவேன்" என்று விரட்டினாள்.

"விடுடி. போன் ஒரு வாய்தான் திங்கும்" என்றாள் விஸால். "கெட்டிலத் தொட்டா மட்டும் சொல்லு."

நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கடை கொஞ்சம் ஓய்ந்தது. இரண்டு பேரும் நின்றபடியே பருப்புச் சூப்பைக் குடித்தார்கள். பிறை தெரிந்த செய்தி வந்ததும் மறுபடி கூட்டம். சுருட்டை, நேர், கொண்டை. விஸால் தலைக்குத் தலை சின்னப் பெட்டியை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

ஒன்பது மணியை நெருங்கும்போது மூன்று பேர் மிச்சம். அப்போது அபூ வஹீப் வந்தார். தோளில் அதே கம்பிச் சுருள். அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதிச் சந்து.

கடைக்குள் தலையை நீட்டிப் பேட்டரியைப் பார்த்தார். அந்த எண் எதைச் சொல்லும் என்று அவருக்கும் தெரியும். இருபது வருஷம் மின்சாரம் விற்றவர். "பதினொண்ணே முக்கால்" என்று எண்ணை உரக்கப் படித்தார். "முடிஞ்சு போச்சு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல கத்தப் போகுது. இந்த மூணு பேரையும் ஜோர்ஜெத் மாதிரி அனுப்பப் போறியா?"

"நானே மூணுல ஒருத்திதான்" என்றாள் ஜோர்ஜெத். அவளும் காத்திருந்தாள்.

அபூ வஹீப் குரலை இறக்கினார். "பெருநாள் ராத்திரி. சண்டை வேண்டாம். இந்தா, உன் பழைய அஞ்சு. பத்து, பதினஞ்சு எதுவும் பேசல. இப்பவே மாட்டித் தர்றேன். நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். அந்த மீட்டர் பேச்ச இனிமே யார்கிட்டயும் எடுக்காத."

ருதைனா அக்காவின் காதில், "வாங்கிக்கோக்கா. ஜெயிச்சுட்டோம். அவரே வந்துட்டார்ல" என்றாள். வாசலில் நின்றவர்களும் அதே முகத்தோடுதான் நின்றார்கள். பதினொன்றே முக்கால் என்பது இறங்கிப்போன எண் என்று யாருக்குத்தான் தெரியாது?

விஸால் சீப்பைக் கீழே வைத்தாள். ஸ்ட்ரெயிட்னர் இரண்டையும் பிடுங்கினாள். விசிறியைப் பிடுங்கினாள். ஒரு விளக்கை மட்டும் விட்டாள்.

"என்ன செய்றா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் கண் சின்னப் பெட்டி மேல்தான் இருந்தது. பேசாமல் நிற்பது அவளுக்குப் பழக்கமான வேலை. மற்றவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நதீம் இருமினார். அபூ வஹீப் கம்பிச் சுருளைத் தோள் மாற்றினார்.

பெட்டியில் எண் அசைந்தது. பதினொன்று தொண்ணூறு. பன்னிரண்டு. நின்றது. பிறகு பன்னிரண்டு பத்து. வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து உள்ளேயே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு இருபது. அங்கேயே நின்றது.

"வேலை செய்யும்போது கேட்டா மூச்சு வாங்கும்" என்றாள் விஸால். "இப்பதான் நெசம் சொல்லுது. இன்னும் மூணு தலைக்கு இருக்கு."

அவள் திரும்பினாள். கண்ணாடியில் இல்லை, அபூ வஹீபின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியில் அத்தனை வருஷம் பார்த்தும் தெரியாதது.

"உங்க அஞ்சு எனக்கு வேண்டாம். மீட்டரோட வாங்க. என் கடைக்கு மட்டுமில்ல, சந்துக்கே. அது வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"யோசிச்சுப் பேசு."

"நோன்பு மாசம் முழுக்க யோசிச்சேன்."

அவர் சந்தைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்குச் சந்து கலைந்துபோகும். இப்போது யாரும் நகரவில்லை. எல்லோருக்கும் மூன்று தலையும் முடிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வந்த வழியே போக அவர்தான் தோளால் இடித்து இடம் பண்ணிக்கொண்டார்.

விஸால் ஒரு ஸ்ட்ரெயிட்னரை மட்டும் செருகினாள். முதல் தலை. இரண்டாவது தலை. கடைசியில் ஜோர்ஜெத் உட்கார்ந்தாள். "கவனிச்சுக்கோ. இந்தத் தடவை பாதியில விட்டே, மீதிப் பாதிய அபூ வஹீப் கொட்டகையில போய் முடிச்சுக்குவேன்."

வலப்பக்கம் முடிந்தது. உச்சி வகிட்டைத் தாண்டும்போது ருதைனா சின்னப் பெட்டிப் பக்கம் குனிந்துகொண்டாள். இடப்பக்கமும் இறங்கி வந்தது, கடைசிச் சுருள் வரை. விஸால் நுனியை ஒரு தடவை வாரிவிட்டு ஸ்ட்ரெயிட்னரைப் பிடுங்கினாள். பிறகு குனிந்து இன்வெர்ட்டரின் பொத்தானைத் தன் விரலால் அழுத்தினாள். கடை இருட்டாயிற்று.

"ஏன்க்கா அணைச்ச? இன்னும் இருந்துச்சே!"

"இருக்கட்டும்" என்றாள் விஸால். "அது என்னோடது."

ஜோர்ஜெத் வெளியே போனாள். கொட்டகை வெளிச்சத்தில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாள். "அபூ வஹீப், எண்ணிக்கோ! ரெண்டு பாதியும் இருக்கு!"

ஷட்டரை இழுத்து மூடும்போது எதிர்க்கடை நதீம் வந்து பக்கத்தில் நின்றார். மெல்லப் பேசுவார் என்று பார்த்தால் இல்லை. கொட்டகைவரை கேட்கும்படியே கேட்டார்.

"விஸால், என் ஐஸ்பெட்டி எவ்வளவு திங்கும்?"

"தெரியாது" என்றாள் இருநூறு ஆம்பியர் விஸால், அதே குரலில். "நாளைக்கு வர்றேன். முதுகத் திருப்பி வைங்க, பாத்துடலாம்."